துகளும் சந்தையும்

நீரில் மிதக்கும் நுண்துகள் ஒழுங்கின்றி அலைவதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஐன்ஸ்டைன் 1905இல் அதற்குக் கணித விளக்கம் தந்தார். அதே கணிதத்தை 1900இலேயே பாரிசில் லூயி பாஷெலியே தம் ஆய்வேட்டில் கையாண்டிருந்தார். அவர் ஆராய்ந்ததோ சந்தை விலைகளை!

1973இல் பிளாக்கும் ஷோல்சும் வெளியிட்ட விலைச் சமன்பாடும், மாறிகளை மாற்றி எழுதினால், வெப்பக் கடத்தல் சமன்பாடே. இத்துறை வளரவே, 1994இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் கணிப்பொறி நிதியியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது.

ஷோல்சும் மெர்ட்டனும் 1997இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர். மறு ஆண்டே அவர்கள் பங்காளிகளாயிருந்த முதலீட்டு நிறுவனம் நொடித்தது. வங்கிகள் 360 கோடி டாலர் தந்து தாங்கின. காரணம் என்ன? மூலக்கூறுகள் துகளைத் தனித்தனியே மோதுகின்றன; அஞ்சிய மனிதர்களோ ஒருசேர விற்கிறார்கள்.

இப்படிப்பை நாடும் மாணவரே, சமன்பாடு பொய்க்கும் இடத்தையும் எந்தப் பாடத்திட்டம் கற்பிக்கிறது என்று பாருங்கள், அதையே தேர்ந்தெடுங்கள்.