தூக்குவதற்கு முன்: பேரிடர்க் காலக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி உருவான வரலாறு

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் ஹைட்டியின் தலைநகர் போர்த்தோ பிரின்ஸின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. ஜனவரி 29 அன்று டொமினிக்கன் குடியரசின் எல்லையில் ஹைட்டிக் காவல்துறை ஒரு பேருந்தை நிறுத்தியது. உள்ளே 33 குழந்தைகளும் அமெரிக்கத் திருச்சபைத் தொண்டர்கள் பத்துப் பேரும் இருந்தார்கள். ஆதரவற்ற பிள்ளைகளை எல்லைக்கு அப்பால் ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோவதாகத் தொண்டர்கள் சொன்னார்கள். அதற்குரிய ஆவணம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. விசாரித்தபோது, பல குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், நெருக்கடிக் காலத்தில் குழந்தையை இப்படி நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்ற பாடம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பயிற்சிக் கையேடுகளில் ஏறிவிட்டது. இந்தத் துறையில் பயிற்சி என்பதில் பாதிக்கு மேல், செய்யத் துடிக்கும் ஒன்றைச் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான். குடும்பத்திலிருந்து பிரிக்காதே, அவசரத்தில் தத்துக் கொடுக்காதே, துருவித் துருவிக் கேட்காதே. இந்தத் தடைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் எங்கோ நடந்த ஒரு பிழை இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு, எதிரி நாட்டுப் பிள்ளைகளும் பசியால் சாகக் கூடாது என்று 1919இல் எக்லண்டைன் ஜெப் லண்டனில் 'சேவ் த சில்ட்ரன்' நிதியைத் தொடங்கினார். அவர் எழுதிய குழந்தைகள் உரிமைப் பிரகடனத்தை 1924இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. குழந்தைக்கு என்ன தரப்பட வேண்டும் என்பதை அது சொன்னது. தரும் கைகள் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை. நல்ல மனமும் பால்மாவும் போதும் என்றே பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது 1939 செப்டம்பரில். ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி பிரிட்டன் ஒரு சில நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து வெளியேற்றியது. பெரும்பாலானோர் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச்சீட்டுடன் கிராமத்துக் கூடங்களில் நின்ற அவர்களை, இடம் தர வந்த வீட்டுக்காரர்கள் பார்த்துப் பொறுக்கி அழைத்துப்போனார்கள். உயிர் தப்பியது உண்மை. பிரிவு என்ன செய்தது என்பதை ஒரு சிறு நிறுவனம் பொறுமையாகக் குறித்துவைத்தது.

1938இல் வியன்னாவிலிருந்து தந்தையோடு தப்பி வந்த உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்டு, டாரத்தி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து 1941இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தையகங்களைத் தொடங்கினார். செலவை ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஏற்றது. பணியாளர்களில் பலர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்த இளம் அகதிப் பெண்கள். முன்பயிற்சி பெரிதாக இல்லாதவர்கள். அன்னா ஃப்ராய்டு ஒரு விதி வைத்தார்: வேலை எதுவானாலும், ஒவ்வொருவரும் குழந்தைகளிடம் கண்டதை அட்டையில் எழுத வேண்டும். கொதிகலனைப் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் ராபர்ட்சனும் எழுதினார். இதே ராபர்ட்சன்தான் பின்னாளில், 1952இல், மருத்துவமனையில் தாயைப் பிரிந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படமாக்கி, பார்வையாளர் நேரம் பற்றிய மருத்துவ உலகின் மனத்தை மாற்ற வழிவகுத்தார்.

அட்டைகள் சொன்ன செய்தி எதிர்பாராதது. பல பிள்ளைகளைக் குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததே அதிகம் உலுக்கியிருந்தது. ஆகவே ஒரு பணிப்பெண்ணுக்கு நாலைந்து பிள்ளைகள் என்று சிறு 'குடும்பங்கள்' அமைத்தார்கள். பொறாமையும் அழுகையும் கூடின. ஆனால் பேச்சும் பழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. மாலையில் வகுப்பு, பகலில் வேலை, இரண்டையும் இணைக்கும் குறிப்பு என்ற அமைப்பு அங்கே உருவாகி, 1947இல் முறையான பயிற்சிப் படிப்பாயிற்று. இன்றைய பயிற்சிப் பட்டறைகளில் பல இந்த அளவுக்குக்கூட எட்டவில்லை என்பதே உண்மை.

இந்த அறிவு நிவாரணக் களத்துக்குப் போய்ச் சேர நாற்பது ஆண்டு பிடித்தது. நைஜீரிய உள்நாட்டுப் போரில் பயாஃப்ராவிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காபோனுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் விமானத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். 1970க்குப் பிறகு அவர்களைத் திரும்ப வீடு சேர்ப்பது தனி வேலையானது. 1975 ஏப்ரலில், வியட்நாம் போரின் முடிவில் சைகோன் விழும் தருணத்தில், அமெரிக்கா அங்கிருந்து பிள்ளைகளை விமானமேற்றியது. முதல் விமானம் ஏப்ரல் 4 அன்று விழுந்து நொறுங்கிப் பலர் இறந்தனர். பிழைத்து வந்தவர்களில் அனாதைகள் அல்லாதவர்களும் இருந்ததால் விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. 1988இல் எவரெட் ரெஸ்லர், நீல் பூத்பி, டேனியல் ஸ்டெய்ன்பாக் மூவரும் துணையற்ற குழந்தைகள் பற்றி எழுதிய விரிவான நூல் இத்தகைய அனுபவங்களை முதன்முறையாக ஒரே இடத்தில் வைத்து அலசியது.

அப்போதும் பிழை நிற்கவில்லை. 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின், எல்லைக்கு அப்பாலுள்ள கோமா நகரின் அகதி முகாம்களில் துணையற்ற குழந்தைகளுக்கென மையங்கள் திறக்கப்பட்டன. வெளியே இருப்பதைவிட அங்கே சோறும் மருந்தும் மேலாக இருந்ததால், சில பெற்றோர் தாங்களே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிரிந்தவர்களைச் சேர்க்கத் திறந்த கதவு பிரிவையே வளர்த்தது. குழந்தையை மையத்தில் சேர்க்கும் முன் அதன் பெயர், ஊர், கடைசியாக யாருடன் இருந்தது என்பதைப் பதிந்து உறவினரைத் தேடுவது அடிப்படைத் திறன் என்ற எண்ணம் ருவாண்டா அனுபவத்தால் வலுப்பட்டது.

1989இல் ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கை வந்தது. 1996இல் போரும் குழந்தைகளும் பற்றி ஐநாவுக்காக கிராசா மஷேல் தயாரித்த அறிக்கை வந்தது. இரண்டையும் களப்பணியாளரின் மொழிக்குக் கொண்டுவரும் முயற்சியாக, 1997இல் ஐநா அகதிகள் ஆணையமும் சேவ் த சில்ட்ரன் கூட்டமைப்பும் குழந்தை உரிமைச் செயல்பாட்டுப் பயிற்சித் தொகுப்பைத் தொடங்கின. பயிற்சியாளருக்குப் பயிற்சி, அவர் வழியே மற்றவருக்கு என்ற அடுக்குமுறை பரவியது. அடுக்கு இறங்க இறங்கச் சாரம் நீர்த்துப்போவது இம்முறையின் பலவீனம். முகாமின் கடைசி வரிசைக் கூடாரத்தில் நிற்கும் பணியாளருக்குப் பல இடங்களில் கிடைத்தது அரைநாள் உரையும் ஒரு சான்றிதழும்தான்.

2002 பிப்ரவரியில் ஐநா அகதிகள் ஆணையமும் பிரிட்டனின் சேவ் த சில்ட்ரனும் வெளியிட்ட ஓர் அறிக்கை, பயிற்சியின் நோக்கத்தையே திருப்பிப் போட்டது. கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் உணவுக்கும் கூரைத் தார்ப்பாய்க்கும் ஈடாகச் சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக அது சொன்னது. 40 அமைப்புகளைச் சேர்ந்த 67 பேர் மீது குற்றச்சாட்டு. ஐநாவின் பிந்தைய விசாரணை அவற்றில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்யவில்லை. எனினும் ஆபத்து உண்மை என்பதை ஏற்றது. 2003 அக்டோபரில் ஐநா பொதுச்செயலரின் ஆணை, உள்ளூர்ச் சட்டம் எதைச் சொன்னாலும் 18 வயதுக்கு உட்பட்டவருடன் பணியாளர் பாலுறவு கொள்ளக் கூடாது என்றும், வயது தெரியவில்லை என்பது சாக்காகாது என்றும் விதித்தது. அதுவரை காப்பவர் ஒரு பக்கம், ஆபத்து மறுபக்கம் என்றிருந்த பாடம், காப்பவரையே ஆபத்தாகக் கருதத் தொடங்கியது. நடத்தைவிதியில் கையெழுத்திடுவது பயிற்சியின் முதல் நாள் சடங்காகிவிட்டது; சடங்காக மட்டும் நின்றுவிட்ட இடங்களும் உண்டு.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் வெளியிலிருந்து ஆலோசகர்கள் திரண்டு வந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அலை வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு கிளம்பிப் போனார்கள். மறுபுறம், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உள்ளூர் ஆட்களையே சமூகப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. ஊரை அறிந்தவர், நாளையும் அங்கேயே இருப்பவர் என்பதே அவர்களுடைய முதல் தகுதி.

இதற்கு இலங்கைத் தமிழ்ப் பகுதிகளில் முன்மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சகாக்களும் ஆசிரியர்கள் உள்ளிட்ட உள்ளூர்ப் பணியாளர்களைப் போர்க்காலத்திலேயே உளசமூகப் பணிக்குத் தயார்செய்து வந்தார்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வாரம் ஒருநாள் என்று பல மாதம் வந்து களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாடினார்கள். அவர்களோடு இருந்தவர்கள் அதே மாவட்டத்து இளைஞர்கள். பிள்ளை சொல்ல விரும்பும்வரை கேட்காமல் காத்திருப்பது அங்கே ஒரு தொழில்திறனாகக் கருதப்பட்டது.

2007இல் பல அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட உளசமூக ஆதரவு வழிகாட்டி, ஒரே அமர்வில் அனுபவத்தைக் கொட்டவைக்கும் முறையை வெளிப்படையாக எதிர்த்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு அதையே பார், செவிகொடு, இணை என்ற மூன்று சொல்லில் சுருக்கியது. 2012இல் பேரிடர்க் காலக் குழந்தைப் பாதுகாப்புக்கான 26 குறைந்தபட்ச நியமங்கள் வந்தன. 2019இல் அவை 28 ஆகின. எழுத்தில் இனிப் பெரிய குறை இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பணியாளர் ஒரே சமயத்தில் 25 குழந்தைகளுக்கு மேல் பொறுப்பேற்கக் கூடாது, ஐந்தாறு பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று, குழந்தைகளைத் தனித்தனியே பின்தொடர்ந்து உதவும் பணிக்கான 2014 வழிகாட்டி சொல்கிறது. மேற்பார்வைக்கும் கூடவே இருந்து கற்பிப்பதற்கும் தனிப் பயிற்சித் தொகுப்பு வந்தது 2018இல்தான். வகுப்பறையில் கற்றது களத்தில் நிற்க, வகுப்பையும் வேலையையும் தொடர்ந்து இணைக்க வேண்டும் என்பதை ஹாம்ப்ஸ்டெட் 1940களிலேயே காட்டியிருந்தது. ஆனால் நன்கொடையாளரின் கணக்கில் பட்டறையை எண்ணிக் காட்டலாம். மேற்பார்வையாளரின் பொறுமையை எண்ண முடியாது.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் பங்களாதேஷின் காக்ஸ் பஜாருக்கு வந்தபோது, அவர்களிடம் போன பணியாளர்களில் பலர் சிட்டகாங் வழக்கு பேசும் பங்களாதேஷ் இளைஞர்கள். அந்த வழக்கு ரோஹிங்கியா மொழிக்கு நெருக்கமானது. ஆனால் கோப்புகள் வேறு மொழியில். 2020இல் பெருந்தொற்று காரணமாக முகாமுக்குள் வெளியாட்கள் வருவது குறைக்கப்பட்டது, குழந்தைகள் கூடும் மையங்கள் மூடப்பட்டன. வீடு வீடாகப் போய் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் பெரும்பங்கு முகாமிலேயே வாழும் ரோஹிங்கியா தன்னார்வலர்கள் மேல் விழுந்தது. முறையான வேலைக்கு உரிமையற்ற அவர்களுக்குக் கிடைத்தது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. மேற்பார்வையாளர்களோ முகாமுக்கு வெளியிலிருந்து தொலைபேசியில் அவர்களை வழிநடத்தினார்கள்.