கெர்னல் டாஸ்க்

மேக் கணினிகளில் எப்போதும் பின்னணியில் ஓடும், இயங்குதளத்தின் கருவைச் சேர்ந்த செயல்முறை. இதன் செயல்முறை எண் (PID) 0. கணினி தடுமாறும்போது ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால், சில வேளைகளில் இதுவே பிராசஸரில் பல நூறு விழுக்காட்டைப் பிடித்திருப்பதாகக் காட்டும். ஒவ்வொரு கோரும் 100 விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால் எண் அவ்வளவு பெரிதாகிறது.

பார்ப்பவர் இதையே குற்றவாளி என நினைப்பது இயல்பு; ஆனால் உண்மை நேர்மாறானது. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, கெர்னல் டாஸ்க் அதன் நேரத்தைத் தானே எடுத்துக்கொண்டு, கடுமையாக உழைக்கும் மற்ற நிரல்களுக்குக் கிடைக்காமல் செய்கிறது. காய்ச்சல் போல இது அறிகுறியே. நோய் வேறிடத்தில் இருக்கிறது. இதை நிறுத்தவும் முடியாது.

எனவே தேட வேண்டியது வெப்பத்தின் மூலத்தை. பட்டியலில் இதற்கு அடுத்து நிற்கும் நிரலை முதலில் பார்க்க வேண்டும்: பிரவுசர், வீடியோ மாற்றும் மென்பொருள் போன்றவை. இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் கோப்புகளை அட்டவணைப்படுத்துவதும் காரணமாகலாம். அது தானே அடங்கும். பிறகு தூசி, விசிறி, மெத்தைமேல் வைத்து அடைபட்ட காற்றுத்துளை. மடிக்கணினிகளுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் அறைவெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ். சென்னைக் கோடை அதை எளிதில் தாண்டும். இன்டெல் மேக்புக் புரோ சிலவற்றில் சார்ஜரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத் துளைக்கு மாற்றியதும் சிக்கல் தீர்ந்ததாகப் பயனர்கள் கண்டிருக்கின்றனர்.

வெப்பக் கட்டுப்பாட்டுக் கோப்புகளை நீக்கி கெர்னல் டாஸ்க்கை அடக்கும் வழியும் புழக்கத்தில் உள்ளது. அது பாதுகாப்பையே அகற்றுவதாகும்; செய்யக்கூடாது.