பழைய காடிக்குப் புது மிடுக்கு: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

பெரிய இயந்திரம், நடுத்தர உடல், பின் சக்கர இழுவை. அமெரிக்கர்கள் 'மஸ்ஸல் கார்' என்று அழைக்கும் வண்டியின் இலக்கணம் இதுதான். 1964-இல் போண்டியாக் ஜி.டி.ஓ., சாதாரணக் குடும்ப வண்டியின் கூட்டுக்குள் 6.4 லிட்டர் வி8 இயந்திரத்தை வைத்து வெளிவந்தது. இந்த வகைக்குத் தொடக்கமாகப் பலரும் சொல்வது அதைத்தான்.

அத்தகைய வண்டிகள் மலேசியச் சாலைகளில் அரிது. ஆனால் சிறிய கூட்டுக்குள் அதைவிடப் பெரிய இயந்திரத்தை வைக்கும் ஆசை இங்கும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தவை டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா கே.இ.30, கே.இ.70 போன்ற பின் சக்கர இழுவை கொண்ட ஜப்பானிய வண்டிகள். அவற்றுக்குப் பின் புரோட்டோன் சாகாவும் அந்த வரிசையில் சேர்ந்தது.

இவற்றில் பல, கடையில் தேடி வாங்கியவை அல்ல. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் முதல் காடி, அப்பா ஓட்டியது, மாமா விட்டுச் சென்றது என்று கைமாறி வந்தவை. அதனால்தான் மாற்றங்கள் செய்யும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஒரு தவறான வெட்டும் பதியப்படாத ஓர் இயந்திரமும் அந்த வண்டியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியாதபடி செய்துவிடலாம்.

எந்த வண்டிகள்?

டட்சன் வண்டிகளை இந்நாட்டில் விற்று வந்த டான் சோங் நிறுவனம் 1976-இல் செகாம்புட்டில் வாகனம் பொருத்தும் ஆலையைத் தொடங்கியது. ஜப்பானில் 1973-இல் அறிமுகமான 120ஒய் வகையில் இருந்தது 1,171 சி.சி. கொண்ட ஏ12 இயந்திரம். எடை குறைவு, பின்னால் பட்டை ஸ்பிரிங், எளிய கார்புரேட்டர் என்பதால் சாதாரணப் பட்டறையிலேயே கழற்றிப் பூட்ட முடிந்தது.

கொரோலா கே.இ.70-இல் இருந்தது 1,290 சி.சி. கொண்ட 4கே இயந்திரம். 1983-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஏ.இ.86 வண்டியின் அடித்தளம் இந்தத் தலைமுறைக் கொரோலாவிலிருந்து வந்தது என்பதால், அதன் பாகங்கள் பலவும் கே.இ.70-க்குப் பொருந்தும். இதுவே கே.இ.70-ஐத் தேடுவோர் இன்றும் இருப்பதற்குக் காரணம்.

ஷா ஆலமில் உருவான புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகம் கண்டது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்ட முன் சக்கர இழுவை வண்டி அது. இலக்கணப்படி மஸ்ஸல் கார் ஆகாது. ஆனால் மிட்சுபிஷியின் வலுவான இயந்திரங்கள் பல அதற்குப் பொருந்துவதால் இளையோரிடம் தனி மதிப்பு உண்டு.

முதல் செலவு துருவுக்கு

வண்ணம் பூசுவதற்கு முன் அடியைப் பார்க்க வேண்டும். கிள்ளான், துறைமுகப் பகுதிகளின் ஈரக் காற்றும் வெள்ள நீரும் பழைய தகரத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். கால் வைக்கும் தரைத் தகடு, முன் கண்ணாடியின் ரப்பர் ஓரம், பின் ஸ்பிரிங் பூட்டும் இடம், கதவின் அடிப்பகுதி ஆகியவை துரு ஒளியும் இடங்கள். துருவின் மேல் புட்டி அப்பி வண்ணம் அடித்தால் சில மாதங்களில் அது மீண்டும் கொப்பளித்து வெளியே வரும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைப்பதே சரியான வேலை.

இயந்திரம்: 'ஹாஃப் கட்' கதை

ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டியின் முன்பாதியை இயந்திரம், கியர் பெட்டி, மின்கம்பிகளோடு அப்படியே வெட்டிக் கொண்டுவந்து விற்பதை இங்கே 'ஹாஃப் கட்' என்பார்கள். பழைய பாகங்கள் விற்கும் பொத்தோங் கடைகளில் இதற்குத் தனிச் சந்தையே உண்டு.

120ஒய் உரிமையாளர்கள் அதிகம் விரும்புவது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏ14 அல்லது ஏ15 இயந்திரம். நிசான் வேனெட் வேனில் வந்த ஏ15-இன் கொள்ளளவு 1,488 சி.சி. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். நான்கு கியர் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர் பெட்டி வைத்தால், கூட்டரசு நெடுஞ்சாலையில் இயந்திரம் கத்தாமல் ஓடும். இரட்டை வெபர் அல்லது சோலெக்ஸ் கார்புரேட்டர் வைப்போரும் உண்டு. அதன் ஒலி இனிமைதான். ஆனால் இரண்டையும் ஒரே அளவில் இசைவு செய்யத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

கே.இ.70-க்குப் பெரும்பாலும் தேடப்படுவது ஏ.இ.86-இல் வந்த 4ஏ-ஜி.இ. இயந்திரம். 1,587 சி.சி., 16 வால்வு, இரட்டை கேம். சாகாவில் துணிந்தவர்கள் டர்போ பொருத்திய 4ஜி63 வரை போகிறார்கள். 1.3 லிட்டருக்கென வடிவமைத்த கூட்டில் 2 லிட்டர் டர்போ வைக்கும்போது பிரேக், அப்சோர்பர், கூட்டின் உறுதி எல்லாவற்றையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். இயந்திரத்தோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் சொல்லும் வரிசை ஒன்று உண்டு: முதலில் பிரேக், பிறகு அப்சோர்பர், கடைசியில்தான் இயந்திரம். முன் சக்கரங்களில் டிரம் பிரேக் இருந்தால் டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுவது பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி. பிரேக் ரப்பர் குழாய்களையும் திரவத்தையும் அதோடு சேர்த்துப் புதிதாக்க வேண்டும்.

இருக்கை வார் அடுத்தது. மலேசியாவில் முன் இருக்கை வார் 1979 ஏப்ரல் 1 முதலும், பின் இருக்கை வார் 2009 ஜனவரி 1 முதலும் கட்டாயம் ஆயின. பழைய வண்டிகளில் பின் வாரே இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியானால், உறுதியான பிடிப்பிடம் அமைத்து மூன்று முனை வார் பூட்டுவது ரிம் வாங்குவதைவிட முக்கியம்.

ரிம்மும் உயரமும்

எட்டு ஆரம் கொண்ட வதனாபே ரிம் டட்சன் பிரியர்களின் நெடுநாள் விருப்பம். 120ஒய், கே.இ.70 இரண்டிலுமே நான்கு நட்டு, 114.3 மில்லிமீட்டர் இடைவெளி என்பதால் தேர்வுக்குக் குறைவில்லை. 13 அல்லது 14 அங்குலமே இந்த உடலுக்கு அழகு. அதற்கு மேல் போனால் டயர் மட்கார்டில் உரசும், ஸ்டீரிங்கும் கனத்துவிடும்.

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பது மலிவான வழி. மோசமான வழியும் அதுவே. அறுத்த ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இருப்பிடத்திலிருந்து நழுவலாம். தாழ்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற அப்சோர்பரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

குளிரும் வெளிச்சமும்

பழைய வண்டியை அன்றாடம் ஓட்ட வைப்பது குளிர்சாதனம். ஆனால் 1.2 லிட்டர் இயந்திரத்துக்கு அது பெரிய சுமை. ரேடியேட்டரைப் பெரிதாக்கி, மின்விசிறி பொருத்தி, ஆல்டர்னேட்டரின் ஆற்றலைக் கூட்டிய பிறகே குளிர்சாதனம் வைப்பது முறை. இல்லாவிட்டால் மாலை நேர நெரிசலில் நீர் கொதித்து வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

மங்கலான முன் விளக்குக்கு எளிய மருந்து ரிலே. நாற்பது ஆண்டுப் பழைய கம்பி, சுவிட்ச் வழியாக வளைந்து போகாமல் மின்சாரம் நேராக விளக்கை அடையும்போது வெளிச்சம் தெளிவாகக் கூடும். எச்.ஐ.டி. விளக்கைப் புதிதாகப் பொருத்துவது சட்டப்படி குற்றம். எதிரே வருபவரின் கண்ணையும் அது கூசச் செய்யும்.

சாமி படம், மல்லிகை, எலுமிச்சை

நம்மவர் வண்டியை அடையாளம் காட்டுவது டேஷ்போர்டு. பிள்ளையாரோ முருகனோ முன்னால் வீற்றிருப்பார். வண்டி புதிதாக வந்தாலும், பட்டறையிலிருந்து மறுபிறவி எடுத்து வந்தாலும், முதல் பயணம் கோயிலுக்குத்தான். பிரிக்பீல்ட்ஸ் ஸ்ரீ கந்தசுவாமி கோயிலோ, கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலோ, தோட்டத்து முனீஸ்வரர் கோயிலோ, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை நசுங்கிய பிறகே வண்டி சாலைக்கு வரும். ஸ்டீரிங்கில் சந்தனமும் குங்குமமும் இருக்கும்.

இதிலும் கவனம் வேண்டும். கனமான உலோகச் சிலையை வெறும் ஒட்டு நாடாவில் நிறுத்தினால், திடீர் பிரேக்கில் அது பயணியின் முகத்தை நோக்கிப் பறக்கும். சிறிய, இலேசான படமாக இருந்தால் நல்லது. கண்ணாடியில் தொங்கும் மாலை பார்வையை மறைக்கக் கூடாது. பூசை முடிந்ததும் பெரிய மாலையைக் கழற்றிவிடலாம்.

உள்ளே செய்யும் மற்ற வேலைகளில் நிலைத்து நிற்பவை எளிமையானவையே. கூஷன் கடையில் பழைய தையல் கோடுகளை அப்படியே பின்பற்றித் தைத்த இருக்கை, அசல் அளவுக்கு நெருக்கமான மர ஸ்டீரிங், பழைய வானொலியின் முகப்புக்குப் பின்னால் மறைத்து வைத்த ஒலிபெருக்கி ஆகியவை வண்டியின் வயதைக் கெடுப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கண்ணாடிக் கருமை: முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும். பின் பக்கக் கண்ணாடிகளுக்கும் பின் கண்ணாடிக்கும் 2019 மே மாதம் முதல் வரம்பு இல்லை.

எண் பட்டை: கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து. அலங்கார எழுத்துருவும், எண்களை நெருக்கியோ விலக்கியோ வேறு சொல்லாகப் படிக்க வைப்பதும் குற்றம். பழைய 'பி' சிலாங்கூர் எண்ணோ, கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசமான பின் வந்த 'டபிள்யூ' எண்ணோ இருந்தால் அதுவே வண்டியின் வரலாறு. அதற்கு வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

இயந்திர மாற்றம்: சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. மக்கள் 'கிராண்ட்' என்று சொல்லும் வாகனப் பதிவுச் சான்றிதழில் புதிய இயந்திர எண்ணும் கொள்ளளவும் ஏற வேண்டும்.

35 ரிங்கிட்டுக்காக ஒரு வண்டியை இழக்கலாமா?

இயந்திரத்தைப் பதியாமல் விடுவோர் முதலில் சொல்லும் காரணம் சாலை வரி. கணக்கைப் பார்ப்போம். தீபகற்பத்தில் தனியார் செடான் வண்டிக்கு 1,001 முதல் 1,200 சி.சி. வரை ஆண்டுக்கு 55 ரிங்கிட். 1,201 முதல் 1,400 வரை 70 ரிங்கிட். 1,401 முதல் 1,600 வரை 90 ரிங்கிட். 120ஒய்-இல் ஏ12-க்குப் பதில் ஏ15 வைத்தால் கூடுதல் வரி ஆண்டுக்கு 35 ரிங்கிட். கே.இ.70-இல் 4ஏ-ஜி.இ. வைத்தால் 20 ரிங்கிட். 2 லிட்டருக்குப் போகும்போதுதான் வரி ஏறக்குறைய 380 ரிங்கிட்டைத் தொடுகிறது.

பதியாமல் விட்டால் இழப்பது என்ன? வண்டியை விற்கும்போது பரிசோதனை மையத்தில் இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் பதிவோடு ஒப்பிடப்படும். ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாற்றம் நின்றுவிடும். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. சட்டக எண் பதித்த தகட்டை வெட்டி வேறு வண்டியில் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அத்தகைய வண்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். அப்பா மறைந்த பின்னும் கிராண்ட் அவர் பெயரிலேயே இருக்கும் வண்டிகள் பல. அதற்குச் செலவு செய்வதற்கு முன், அமானா ராயா அல்லது நீதிமன்றம் வழங்கும் ஆவணத்தோடு வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்வது அவசியம். சாலை வரி பல ஆண்டுகள் விட்டுப் போயிருந்தால், ஜே.பி.ஜே. அலுவலகத்தில் வண்டியின் நிலையைக் கேட்டறிந்த பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

கழற்றியதை எறிய வேண்டாம்

பழைய வண்டியில் நல்ல மாற்றம் என்பது மீண்டும் கழற்றக் கூடியது. அசல் ஸ்டீரிங், அசல் ரிம், கார்புரேட்டர், வீல் கப், டேஷ்போர்டு மூடி ஆகிய அனைத்தையும் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். பட்டறை ரசீதுகளும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும், கிராண்டின் நகலும் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

அப்பா ஓட்டிய வண்டியில் பிள்ளை தன் விருப்பத்தைச் சேர்ப்பதில் தவறில்லை. அந்தப் பெட்டியும் கோப்பும் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளை அதைத் தாத்தா ஓட்டியபடியே ஓட்ட விரும்பினாலும் வழி இருக்கும்.