மாலட்-1 ஆர்.என்.ஏ

மாலட்-1 என்பது மனித உயிரணுக்களின் கருவினுள் காணப்படும், புரதத்தைக் குறியாக்காத நீள்வகை ஆர்.என்.ஏ மூலக்கூறு ஆகும். நுரையீரல் புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து பிற உறுப்புகளுக்குப் பரவுவதோடு (மாற்றிடம் புகல்) தொடர்புடையதாக இது 2003-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. "மாற்றிடம் புகலோடு தொடர்புடைய நுரையீரல் சுரப்பிப்புற்றுப் படி 1" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இதன் பெயர். நுரையீரல் புற்று உயிரணுக்கள் இடம்பெயர இது துணைசெய்வதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் நலமான எலிகள் இது இல்லாமலும் வாழ்கின்றன. இவ்விரு பண்புகளும் சேர்ந்து இதனை மருந்தாய்வின் இலக்காக ஆக்கியுள்ளன.

பின்னணி

டி.என்.ஏ-யில் உள்ள மரபுச்செய்தி ஆர்.என்.ஏ-யாகப் படியெடுக்கப்பட்டு, அப்படியிலிருந்து புரதம் உருவாகிறது. எனினும் மனித மரபுத்தொகையில் புரதங்களைக் குறிக்கும் பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவாகும். புரதமாக மாறாமல், ஆர்.என்.ஏ-யாகவே இருந்து பணியாற்றும் படிகள் பல உள்ளன. இவை குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ எனப்படும். இவற்றுள் 200 நியூக்கிளியோட்டைடுகளுக்கு மேல் நீளமுள்ளவை நீள்வகை எனவும், ஏறத்தாழ 22 நியூக்கிளியோட்டைடுகள் கொண்டவை குறு ஆர்.என்.ஏ (மைக்ரோ ஆர்.என்.ஏ) எனவும் வழங்கப்படுகின்றன.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தனர். இந்நோய் மூளை, எலும்பு, கல்லீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் அறுவை மருத்துவத்தால் குணப்படுத்துவது அரிது. ஆகவே எந்தக் கட்டி பரவும், அதனை எவ்வாறு தடுக்கலாம் என்னும் வினாக்கள் இத்துறையில் முதன்மையானவை.

கண்டுபிடிப்பு

செருமனியின் மியூன்சுட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொடக்க நிலையிலேயே அறுவை மூலம் அகற்றப்பட்ட நுரையீரல் கட்டிகளை ஒப்பிட்டனர். பின்னாளில் நோய் பரவியவர்களின் கட்டிகளில் ஓர் ஆர்.என்.ஏ மிகுந்த அளவில் காணப்பட்டது. அதுவரை பெயரிடப்படாதிருந்த அதற்கு மாலட்-1 எனப் பெயரிட்டு, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் நிலை நோயாளிகளில் இதன் அளவு கூடுதலாக இருந்தோரின் வாழ்நாள் குறைவாக இருந்ததையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

அமைப்பு

மாலட்-1 மரபணு மனிதரின் 11-ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. இந்த ஆர்.என்.ஏ-யின் நீளம் ஏறத்தாழ 8,000 நியூக்கிளியோட்டைடுகள். புரதம் ஆக்கும் பெரும்பாலான ஆர்.என்.ஏ-க்களின் முனையில் அடினீன்களால் ஆன வால் சேர்க்கப்படும். மாலட்-1-க்கு அவ்வாறு வால் சேர்க்கப்படுவதில்லை. மாறாக, ஆர்.என்.ஏசு-பி என்னும் நொதி அதன் முனையை வெட்டுகிறது. எஞ்சும் முனை மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவில் மடிந்து, மூலக்கூறு சிதையாமல் காக்கிறது. இது உயிரணுக்களில் பேரளவில் காணப்படுவதற்கு இந்நிலைப்புத்தன்மை ஒரு காரணமாகும்.

கருவினுள், ஆர்.என்.ஏ-யை வெட்டி ஒட்டும் புரதங்கள் குவிந்திருக்கும் புள்ளிகளில் மாலட்-1 தங்குகிறது.

பரவலில் பங்கு

செருமனியின் ஐடல்பெர்க்கு நகரில் உள்ள புற்றுநோய் ஆய்வு மைய அறிவியலாளர்கள், ஏ549 என்னும் நுரையீரல் புற்று உயிரணுக்களில் மாலட்-1 ஏறக்குறைய முற்றிலும் இல்லாதவாறு மரபணுவை மாற்றினர். 2013-இல் வெளியான முடிவுகளின்படி, இவ்வுயிரணுக்களின் இடம்பெயரும் திறன் குன்றியது. எலிகளில் செலுத்தியபோது நுரையீரலில் உருவான கட்டிகளும் குறைந்தன. வெட்டி ஒட்டும் பணியில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. பரவலோடு தொடர்புடைய மரபணுக்களின் வெளிப்பாடே மாறியிருந்தது.

2024-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினர், எலிகளின் நுரையீரல் கட்டிகளில் மாலட்-1 அளவைக் கூட்டிப் பார்த்தனர். கட்டியின் சூழலில் அழற்சி மிகுந்து, நோய் பரவியது. இதில் சி.சி.எல்.2 என்னும் சமிக்ஞைப் புரதத்துக்குப் பங்கு உண்டு. எனவே மாலட்-1 புற்று உயிரணுவை மட்டுமன்றி அதன் சுற்றுப்புறத்தையும் மாற்றக்கூடும்.

முரண்பட்ட முடிவுகள்

2012-இல் மாலட்-1 நீக்கப்பட்ட எலிகளை மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. அவை இயல்பாக வளர்ந்து இனப்பெருக்கமும் செய்தன. மார்பகப் புற்றுநோயிலோ முடிவுகள் ஒத்துப்போகவில்லை: 2016-இல் ஒரு குழு மாலட்-1 பரவலைத் தூண்டுவதாகவும், 2018-இல் மற்றொரு குழு அது பரவலை அடக்குவதாகவும் அறிவித்தன. மரபணுவை முடக்கப் பயன்படுத்தும் முறை வேறுபடும்போது முடிவும் வேறுபடலாம். ஆகவே நுரையீரலில் கண்டதைப் பிற உறுப்புகளுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது.

குறு ஆர்.என்.ஏ-க்கள்

குறியாக்கமில்லா ஆர்.என்.ஏ-க்கள் அனைத்தும் பரவலைத் தூண்டுபவை அல்ல. எடுத்துக்காட்டாக, மிர்-200 குடும்பத்தைச் சேர்ந்த குறு ஆர்.என்.ஏ-க்கள், செப்1, செப்2 ஆகிய புரதங்களின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகின்றன. இப்புரதங்கள் மிகும்போது, அண்டை உயிரணுக்களோடு ஒட்டியிருக்கும் பண்பு தளர்ந்து, புற்று உயிரணு நகரும் திறன் பெறுகிறது. இதனால் மிர்-200 பரவலுக்குத் தடையாக விளங்குகிறது.

மருத்துவப் பயன்

மாலட்-1-இன் வரிசைக்கு எதிரிணையான குறுந்துண்டுகளைச் செலுத்தினால், அவை அதனோடு இணைந்து அதனைச் சிதைக்கச் செய்கின்றன. மேற்கூறிய 2013 ஆய்வில், இம்முறை எலிகளில் நோய் பரவுவதைக் குறைத்தது. எதிரிணைத் துண்டுகள் மருந்தாகப் பயன்படுவது புதிதன்று. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கான நுசினெர்சென் 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் நுரையீரல் புற்றுநோய்க்கு மாலட்-1-ஐ இலக்காகக் கொண்ட ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இதுவரை இல்லை. துண்டுகளைப் போதிய அளவில் கட்டிக்குள் சேர்ப்பதும், எந்த நோயாளிக்கு அது நன்மை தரும் எனப் பிரித்தறிவதும் தீர்க்கப்பட வேண்டியவையாக உள்ளன.