இல்லாத கையில் வலி



2003-ல் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பயர் ஆபீசில் மருந்து தீப்பிடித்து, இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. "சார், இல்லாத கை இறுக மூடிக்கிட்டே இருக்கு. நகம் உள்ளங்கையில குத்துது, ராத்திரி தூக்கமில்ல" என்றான். "எல்லாம் மனசுதாம்ப்பா, மறந்துரு" என்று சொல்லி அனுப்பினேன். அறிவியல் வாத்தியார் சொன்ன பதில்!

அவன் சொன்னது புதிதல்ல. 16-ம் நூற்றாண்டிலேயே ஆம்புரோஸ் பரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், காலை எடுத்த பிறகும் அந்தக் காலில் வலிப்பதாகச் சிப்பாய்கள் சொன்னதை எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த வெயர் மிட்செல், 1866-ல் இதைப் பெயர் போடாமல் ஒரு கதையாகத்தான் வெளியிட்டார். 1871-ல்தான் 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்தார்.

வெகுகாலம் வெட்டுப்பட்ட நரம்பு நுனியையே குறை சொன்னார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. கை போனாலும் கைக்கான இடம் அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்து இடம் முகத்துக்கு. அதனால் சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்ட மாதிரி இருக்குமாம். இதைச் சோதித்துக் காட்டியவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன்.

அவர் கண்டுபிடித்த வைத்தியத்துக்கு ஒரு பெட்டியும் கண்ணாடியும் போதும். நல்ல கையைக் கண்ணாடி முன் வைத்தால், பிம்பம் போன கை இருக்கும் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் அந்தக் கையும் விரிகிற மாதிரி கண் சொல்லும். சிலருக்கு இறுகிய விரல்கள் அப்போதே தளர்ந்தன. எல்லோருக்கும் கேட்காது, மாத்திரையும் பயிற்சியும் சேர்த்துத் தேவைப்படும்.

இவ்வளவும் 1990-களிலேயே வெளிவந்துவிட்டது. நான் "மறந்துரு" என்றபோது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பீரோக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் நிறுத்தினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லேசா தொறக்குது சார்" என்றான். ராத்திரி மறுபடி மூடிக்கொண்டது. இப்போது டாக்டர் சொன்னபடி தினமும் செய்கிறான். வாரத்தில் நாலு ராத்திரி தூங்குகிறானாம்.

நம் ஊரில் கையோ காலோ இழந்தவர் உங்கள் வீட்டுப் பக்கம் இருப்பார். எங்கே வலிக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.