மெழுக்கமும் தளவரிசையும்: குளத்தூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

பண்டைத் தமிழர் மனையமைப்பை ஆராய்ந்தோர் மாடத்தையும் வாயிலையும் சாளரத்தையும் விரித்துரைத்துள்ளனர். காலடியிற் கிடக்கும் தளத்தை எடுத்துப் பேசினோர் சிலரே. இந்நாளில் வீடு கட்டுவோர் பலர் இயற்கைப் பொருளால் தளம் அமைக்க விரும்பி, மண்ணா, கல்லா, சுண்ணாம்பா, ஆத்தங்குடிக் கல்லா என வினவுகின்றனர். இவ்வினா பொருளை மட்டுமே நோக்குவது. பழைய சான்றுகளோ தளத்தைத் தொழிலொடு சேர்த்தே குறிக்கின்றன. அத்தொழிலைச் செய்தவர் யாவர் என்பதையும் சிலவிடத்து உணர்த்துகின்றன. அவற்றைத் தொகுத்து நோக்காமல் இயற்கைத் தளத்தின் நன்மை தீமைகளை அளந்துரைத்தல் இயலாது என்பது எமது கருத்து.

ஆய்வுக்குரிய நிலக்களமாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர்ப் பகுதியைக் கொண்டோம். குளத்தூர் ஒருகாலத்தில் தொண்டைமான் மரபின் ஒரு கிளையினர் ஆண்ட பாளையம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுக்கோட்டையோடு இணைந்தது. பின்னர்ப் புதுக்கோட்டை அரசின் மூன்று வட்டங்களுள் ஒன்றாயிற்று. அவ்வரசு 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற் சேர்ந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை ஆகிய ஊர்கள் பழைய குளத்தூர் வட்டத்தைச் சார்ந்தவை. செம்மண்ணும் பாறைக் குன்றும் ஏரியும் செறிந்த நிலமாதலின், தளத்திற்கு வேண்டும் மண், கல், நீர் மூன்றும் ஆங்கே அருகருகே கிடைப்பன.

சித்தன்னவாசற் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்க்கெனப் பாறையை வழவழப்பாக்கிய பதினேழு படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் அணைபோல் உயர்ந்திருக்கும். ஒன்றன் அருகே கிறித்துவுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டு ஒன்று, அவ்விருக்கையைச் செய்வித்தாரைக் குறிக்கின்றது. மனைத்தளம் அன்றாயினும், மனிதர் உடல் படுதற்கென இயற்கைக் கல்லைத் திருத்திய வேலைக்கு இப்பகுதியில் இதுவே தொன்மையான சான்று. ஒருமுறை இழைத்தபின் வேறு பணி வேண்டாமையே கல்லின் தனிச்சிறப்பு. மண்தளத்தின் நிலை இதற்கு நேர்மாறு.

மண்தளத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் தலையாயது மெழுக்கம். மெழுகுதல் என்னும் வினையினின்று பிறந்த பெயர் அது. தளம் எதனால் ஆயது என்பதை விடுத்து, தளத்தின்மேல் நாளும் நிகழும் தொழிலையே அது சுட்டுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு இரண்டிலும் இச்செய்தி வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் மறையவர் இல்லம் சாணத்தால் மெழுகப்பட்டுள்ளது. பட்டினப்பாலையில் பலரும் தொழும் பொதியில் மெழுக்கத்தோடும் மலரோடும் காட்சியளிக்கின்றது. ஆங்கு அந்தி விளக்கேற்றுவோர் கொண்டி மகளிர், அஃதாவது பகைவர் நாட்டிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட பெண்டிர். மெழுக்கமும் அவர் கைப்பணியே எனக் கொள்ளுதல் பொருந்தும். புறநானூற்று 249-ஆம் பாட்டோ, கணவனை இழந்தாள் ஒருத்தி சுளகளவு சிறிய இடத்தைத் துடைத்து, தன் கண்ணீரையே நீராகக் கொண்டு சாணத்தால் மெழுகுதலைக் காட்டுகின்றது. பொதியிலில் சிறைப்பட்ட பெண், சிற்றிடத்தில் கைம்பெண் என, முகம் தெரியும் இடத்தும் ஊகித்தறியும் இடத்தும் மெழுகுவோர் பெண்டிரே. சாணம் கிருமியைக் கொல்லும் ஆதலின் முன்னோர் மெழுகினர் என இந்நாளிற் பலர் உரைப்பர். மேற்காட்டிய பாட்டுகளுள் ஒன்றேனும் அங்ஙனம் கூறவில்லை. அவற்றிற் காண்பன தூய்மையும் வழிபாடுமே.

பக்தி இயக்கக் காலத்தில் இப்பணி புதுமதிப்புப் பெற்றது. திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில், விடியுமுன் கோயிலிற் புகுந்து அலகிடுதலையும் மெழுக்கிடுதலையும் நெஞ்சிற்குக் கடமையாக விதிக்கின்றார். அவர்தம் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் இத்தொண்டு செய்தமையைச் சேக்கிழார் விளக்குவர். கைப்பணி தொண்டாக உயர்ந்தது மெய். ஆயினும் நாள்தோறும் இடைவிடாது நிகழவேண்டிய பணியைத் தொண்டுள்ளம் ஒன்றை மட்டும் நம்பி நடத்தல் அரிது. கல்வெட்டுகளில் வரும் திருமெழுக்குப்புறம் என்னும் தொடர் இதனை உணர்த்தும். நந்தவனப்புறம், மடப்புறம் என்பவற்றிற் போல ஈண்டுப் புறம் என்பது ஒரு பணிக்கென ஒதுக்கிய நிலத்தைக் குறிக்கும். மெழுகுதலும் நிலவருவாய் வைத்து நடத்தத்தக்க உழைப்பு என்பதை அக்காலத்தோர் உணர்ந்திருந்தனர். இல்லத்து மெழுகுதலுக்கோ இத்தகைய புறம் எதுவும் இல்லை. கணக்கில் ஏறாத அவ்வுழைப்பே மண்தளத்தின் மெய்யான விலை.

மணலும் சுண்ணாம்பும் பற்றிச் சிறிது கூறுதும். நெடுநல்வாடையின் அரண்மனை முற்றத்திலும் அகநானூற்று 86-ஆம் பாட்டின் திருமணப் பந்தரிலும் பரப்பப்பட்டது தருமணல். பிறவிடத்திலிருந்து கொணர்ந்த மணல் என்பது பொருள். அவ்வரண்மனையிற் சுண்ணச்சுதை சுவர்க்கே உரியதாகப் பேசப்படுகின்றது. பிற்காலத்தே செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி இறுக்கி, மேலே கடுக்காய்நீரும் கருப்பட்டியும் சேர்த்தரைத்த காரையைப் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகிடும் தளம் பரவிற்று. இஃது உழைப்பைத் தொடக்கத்திலேயே பெரிதும் வாங்கிக்கொண்டு, பின்னர் நெடுங்காலம் கூட்டுதலும் துடைத்தலுமே வேண்டி நிற்பது. கல்லுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்டது எனலாம். தளவரிசை என்னும் சொல்லுக்குக் கல் அல்லது செங்கல் பாவிய தளம் எனப் பொருள் கொள்வர். காரைத்தளம் அப்பெயர்க்கு முற்றும் அடங்காதது.

சிமெண்டின் வரவு இவற்றை மாற்றிற்று. 1904-இல் சென்னையில் சிறிதாகத் தொடங்கிய இந்தியச் சிமெண்டு முயற்சி, 1914-இல் போர்பந்தரில் நிலைபெற்றது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் 1949-இல் ஆலை எழுந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை வெப்பத்திற் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். சிமெண்டுக்கு ஏறத்தாழ 1,450 பாகை வேண்டும். அன்றியும், சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மீள உட்கொள்ளும். ஆத்தங்குடிக் கல்லை இயற்கைத் தளம் என விற்போர் இவ்வேறுபாட்டை மறைக்கின்றனர். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து அக்கல்லைச் செய்வர். சூளையில் வேகாமையால் சுட்ட ஓட்டினும் எரிபொருள் குறையும். அழகும் கைத்திறனும் மிக்கது என்பதில் ஐயமில்லை. சிமெண்டுக் கல் என்பதிலும் ஐயமில்லை. செங்காவிச் சிமெண்டுத் தளத்திற்கும் இஃது ஒக்கும்.

இவற்றைக்கொண்டு நோக்கின், குளத்தூர்ப் பகுதியில் இன்று மனை அமைப்போர்க்குக் காரைத்தளமே ஏற்றது என்பது எமது துணிபு. கைதேர்ந்த கொத்தர் கிடைத்தல் அரிதாகி வருதலொன்றே தடை. மண்தளம் விரும்புவோர் திண்ணைக்கும் ஓரறைக்கும் அதனை வரையறுத்துக் கொள்ளுதல் நன்று. மெழுகுதற்குரிய கூலியையும் வீட்டுச் செலவுக் கணக்கிற் சேர்த்தெழுதுதல் வேண்டும், கோயிலார் நிலம் ஒதுக்கியது போல. கல்லோ இயற்கையானதேயெனினும் வெட்டிய குன்று மீள வளர்வதன்று. தொல்சின்னங்களைச் சூழ 100 மீட்டர் தடைப்பகுதி எனவும் அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப்பகுதி எனவும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரையறுத்துள்ளது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள குன்றுக்கு அக்காப்பு இல்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் பாவுகற்களைத் தேடி வாங்கி மீளப் பாவுதல் இதற்கு மாற்று. நூறாண்டு நடந்து தேய்ந்த கல்லுக்கு இழைப்புக் கூலியும் மிச்சமாகும்.