ஏடு முதல் மின்னூல் வரை

1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏட்டிலிருந்த காப்பியம் அச்சேறி உயிர்பெற்றது. ஆயினும் அச்சு நூலும் அழிவுக்கு அப்பாற்பட்டதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவேயில்லை.

ஒரு நூலைப் பலவிடத்தும் பரப்பிவைத்தலே அதற்குக் காவல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, இணையத்தில் விலையின்றி வழங்கினர். 2005இல் தோன்றிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்துவருகிறது.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நாம் இவற்றைப் படித்து மகிழ்வதோடு அமைதல் தகுமோ? மும்பை மழையீரத்தில் நைந்துவரும் நம் சங்க மலர்களையும் கையேடுகளையும் மின்படியாக்கிப் பொதுவில் வைப்போமாக. இந்நகர்த் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அவையே சான்று.